எழுத்தாளர் வராத ஊரில் நாடகம்

1927-இல் ரவீந்திரநாத் தாகூர் மலாயா வந்தார். சிங்கப்பூரில் இறங்கி, மலாக்கா, கோலாலம்பூர் என்று பேசிக்கொண்டே வந்தவர் ஈப்போவிலும் பேசினார். அப்படியே வடக்கே பினாங்கு வரை போனார். தான் நிறுவிய விசுவபாரதிக்குப் பணம் திரட்டுவதும் அந்தப் பயணத்தின் வேலைகளில் ஒன்று. இரண்டு ஆண்டு கழித்து, 1929 டிசம்பரில், பெரியார் பினாங்கில் கப்பலைவிட்டு இறங்கி, ஈப்போவில் கூடிய அகில மலாயா தமிழர் மாநாட்டில் பேசிவிட்டுத் தெற்கே சிங்கப்பூர் வரை போனார். கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் நடுவே அன்றைக்கு இருந்தது ஒரு பெரிய சாலை, ஒரு ரயில் பாதை. இரண்டும் எங்கள் ஊரான சுங்காயைத் தொட்டுக்கொண்டுதான் போகும். எதில் போயிருந்தாலும் இருவரும் எங்கள் ஊரைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். இங்கே இறங்கியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சுங்காயின் ராசி அது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறக்கும்வரை தூரத்துப் பேருந்துகள் இங்கே நிற்கும். பயணிகள் இறங்கிக் கால் நீட்டி, கோப்பி குடித்து, கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறிக்கொள்வார்கள். ஊரைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. பிறகு அவை செம்பனை ஆயின. இப்போது வெளியூர்க்காரர்கள் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றில் முட்டை அவிக்க வருகிறார்கள். எழுத்தாளர்கள் ஈப்போவில் பேசுவார்கள், கோலாலம்பூரில் பேசுவார்கள். நடுவில் இருக்கும் ஊருக்கு அவர்களுடைய காரின் புழுதி மட்டும்தான்.

இப்படி ஓர் ஊரில் ஒருவனுக்கு ஓர் எழுத்தாளர்மேல் தீராத பிரியம் வந்துவிட்டால் அவன் என்ன செய்வான்? சென்னைக்காரன் என்றால் சபாவில் சீட்டு வாங்குவான், கூட்டத்துக்குப் போவான், முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் நிற்பான். தோட்டத்துக்காரன் அந்த எழுத்தாளரின் நாடகத்தைத் தானே போட்டான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

தமிழில் எழுத்தாளர் மேடைக்கு வருவது புதிதல்ல. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது நாடகத்தை எழுதியவரே வேஷமும் கட்டினார். வழக்கறிஞர், பின்னால் நீதிபதி, மாலையில் மனோகரன். வங்காளத்தில் தாகூரும் தன் நாடகங்களில் தானே நடித்தவர்தான். ஆனால் மலாயாவின் தோட்டங்களுக்குள் வந்து சேர்ந்த எழுத்தாளர் என்றால் அண்ணாதான். 1940களில் அண்ணா எழுதினார், நடித்தார், பேசினார். ‘சந்திரோதயம்’ நாடகத்தில் வேஷம் கட்டினார். ‘சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்’ நாடகத்தில் காகபட்டராக வந்தார். வி.சி. கணேசன் என்ற இளைஞர் பெரியார் வாயால் ‘சிவாஜி’ கணேசன் ஆனது அந்த நாடகத்தால்தான். ‘ஓர் இரவு’ நாடகத்தைப் பார்த்துவிட்டு, அரசியலில் எதிர்த் திசையில் நின்ற கல்கியே பாராட்டி எழுதினார். ஓர் இரவு நாடகம், மறுநாள் மாலை பொதுக்கூட்டம், அடுத்த வாரம் பத்திரிகையில் கட்டுரை. எது கலை, எது பேச்சு என்று கோடு கிழித்துக் கேட்க அன்றைய கூட்டத்துக்குத் தோன்றவே இல்லை. மூன்றிலும் ஒரே குரல்தானே.

அந்தக் குரல் மலாயாவுக்குக் கப்பலில் புத்தகமாக வந்தது. இங்கே அதைப் பிடித்துக்கொள்ளக் கைகள் தயாராக இருந்தன. கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்ற மலர் வழியாகப் பிள்ளைகளை எழுதவும் பேசவும் பழக்கிக்கொண்டிருந்தது. 1952-இலிருந்து அவர் தொடங்கிவைத்த தமிழர் திருநாள் வந்துவிட்டது. திருநாள் என்றால் மேடை வேண்டும். மேடை என்றால் நாடகம் வேண்டும். அதுவரை தோட்டத்துக்குத் தெரிந்த நாடகம் அரிச்சந்திரனும் நல்லதங்காளும். கூத்து என்றால் காமன் கூத்து. இப்போது சட்டை போட்ட கதாநாயகன் வந்தான். கடன்காரனும் வேலைக்காரியும் பேச ஆரம்பித்தார்கள்.

என் பெரியப்பா அப்படி ஒரு நாடகத்தில் நடித்தவர். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், தன் மர நிரையை முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் மதியம். சாயங்காலம் ஆயாக்கொட்டகையில் ஒத்திகை. பகலெல்லாம் பிள்ளைகளின் ஏணைகள் தொங்கும் இடம். ஏணைகளைச் சுருட்டி விட்டத்தில் கட்டிவிட்டால் அரங்கம். ‘வேலைக்காரி’ அச்சுப் புத்தகம் தோட்டத்துக்கே ஒன்றுதான். அது தோட்டக் கணக்கு எழுதும் கிராணி வீட்டில் இருந்தது. கிராணியின் தம்பி எழுதப் படிக்க வல்லவர். அவர்தான் ஒவ்வொருவருக்கும் பாடம் எழுதிக் கொடுத்தவர். பள்ளிக்கூட நோட்டில், அவரவர் பேச வேண்டிய வசனம் மட்டும். தன் வசனம் எப்போது வரும் என்று தெரிவதற்காக, எதிராளி பேசி முடிக்கும் கடைசி இரண்டு மூன்று சொற்கள் சிவப்பு மையில் இருக்கும். பெரியப்பாவின் நோட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டுப்பால் கறை படிந்த அட்டை. உள்ளே நீல மையில் ஆவேசம், சிவப்பு மையில் மற்றவர்களின் வால்கள்.

அந்த நோட்டில் ஒரு விசேஷம் உண்டு. அதை வைத்திருப்பவருக்கு முழு நாடகம் தெரியாது. தான் இல்லாத காட்சியில் என்ன நடக்கிறது என்பது ஒத்திகையில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். எனவே எல்லோரும் எல்லா ஒத்திகைக்கும் வந்தார்கள். புத்தகம் முழுசாக இருந்த இடம் கிராணி வீட்டு அலமாரி அல்ல, ஆயாக்கொட்டகையில் கூடிய அந்தப் பத்துப் பதினைந்து பேர். ஒருவர் வராவிட்டால் ஒரு பக்கம் கிழிந்த மாதிரி.

‘வேலைக்காரி’ கதை தெரிந்தவர்களுக்கு அது தோட்டத்தில் ஏன் எடுபட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. கடன் கொடுத்த முதலியாரின் நெருக்கலில் ஒரு தகப்பன் தூக்கில் தொங்குகிறான். மகன் பழி வாங்கத் திரும்பி வருகிறான். மாதச் சம்பளம் கைக்கு வருமுன்பே கடைக்கணக்கில் பாதி போய்விடுகிற ஆட்களுக்கு அந்த முதலியார் யாரென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதில் ஒரு சங்கடமான காட்சி உண்டு. தன்னைக் கைவிட்ட காளியின் முன் நின்று கதாநாயகன் கொதித்துப் பேசுவான். 1949-இல் படமாக வந்தபோதும் எல்லோரும் பேசிய காட்சி அது. எங்கள் தோட்டத்தில் மேடை போட்டிருந்ததோ மாரியம்மன் கோயிலுக்கு நேர் எதிரில். நாடகம் நடந்ததோ திருவிழாவின் கடைசி இரவு. பூசாரி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தக் காட்சி வருமுன் கருவறைத் திரையை இழுத்து மூடிவிட்டார். அம்மன் காதில் விழுந்தாலும் கண்ணில் படாது. அந்த வசனத்தைப் பேசிய பெரியப்பா, மேடை ஏறுமுன் அதே அம்மனுக்குச் சூடம் ஏற்றிவிட்டுத்தான் ஏறினார். இதில் முரண்பாடு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. “அது அண்ணா பேசுறது. சூடம் நான் கொளுத்துறது” என்பார்.

பகுத்தறிவு அங்கே எந்த அளவுக்குப் பரவியது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தோட்டத் தொழிலாளியின் வாய்க்கு அதுவரை பழக்கமில்லாத நீண்ட வாக்கியங்கள் பழகின. துரைக்கு முன்னால் தலையைக் குனிந்து “ஆமாங்க, இல்லீங்க” என்று இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்ட வாய், மூச்சு விடாமல் முதலாளியைக் குற்றம் சாட்டியது. எதிரில் நானூறு பேர் கைதட்டினார்கள். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. எங்கள் தோட்டத்துக் கிளையில் பேச எழுந்தவர்களில் பலர் முன்பு மேடையில் நின்றவர்கள். பெரியப்பா சம்பளப் பிரச்சினையைப் பேசும்போது பெரியம்மா சிரிப்பார்: “வேலைக்காரி வசனம் மாதிரியே பேசுறாரு பாரு.” கேலிதான். ஆனால் உண்மையும் அதுதான். மாதச் சம்பளத்தை அவர் அண்ணாவின் தமிழில் கேட்டார்.

1965-இல் அண்ணா மலேசியாவுக்கே வந்தார். சிங்கப்பூரும் அப்போது மலேசியாவுக்குள்தான் இருந்தது. அந்த ஆகஸ்டில்தான் பிரிந்தது. அவர் பேச்சைக் கேட்கப் போக முடிந்தவர்கள் போனார்கள். பெரியப்பா போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். பின்னாளில் நான் கேட்டபோது வேறொன்று சொன்னார்: “அவரு எழுதினத நான் பேசுனேன் தம்பி. ஊரே கேட்டுச்சு. இதுக்குமேல போயி என்னத்தக் கேக்க?” அகம்பாவம் என்று எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தாளரை நேரில் பார்ப்பதால் கிடைப்பது எதுவோ அது தனக்கு முன்பே கிடைத்துவிட்டது என்று அவர் நம்பினார். ரசிகன் என்ற சொல்லைக்கூட அவர் தனக்குப் போட்டுக்கொண்டதில்லை. ‘நடிச்சவன்’ என்பார்.

பழங்கதை பேசும்போது எல்லாம் பொன்னாகத் தெரியும். அந்த மேடையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்காரி அமிர்தமாக நடித்தவர் லாரியில் பால் ஏற்றுகிற ஓர் இளைஞர். வேலைக்காரியின் துயரத்தை வேலைக்காரிகள் பாயில் உட்கார்ந்து பார்த்தார்கள். மேடையேற அவர்களுக்கு அனுமதி இல்லை. ஒத்திகைக்கும் வரக் கூடாது. பெரியம்மாவுக்கு முழு நாடகமும் மனப்பாடம். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவே அவர்தான்; மாலையில் கூட்டிப் பெருக்கிக் கொடுத்துவிட்டு வெளியே திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கேட்டு வந்தது. நடிகர் வசனம் மறந்தால் வெளியிலிருந்து அவர் எடுத்துக் கொடுப்பாராம். அந்த நாடகத்தின் முழுப் பாடமும் தெரிந்திருந்த ஒரே ஆளின் கையில் நோட்டு இல்லை.

இன்னொரு குறை இலக்கியத்தைப் பற்றியது. 1952 முதல் 1957 வரை கு. அழகிரிசாமி கோலாலம்பூரில் இருந்தார். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை. உள்ளூர் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்துக் கதைகளை அலசி, சொல்லிக் கொடுத்தார். மலேசியத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது. தமிழின் பெரிய சிறுகதைக்காரர்களில் ஒருவர் ஐந்து வருடம் எங்களுக்குச் சில மணிநேரத் தொலைவில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவும் அவர் கூட்டாளிகளும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கடல் தாண்டி இருந்தவர் அவர்கள் வாயில் இருந்தார். பக்கத்தில் இருந்தவர் தெரியாமலே போனார். காரணம் எளிது. அழகிரிசாமியின் உரைநடையை மேடையில் முழங்க முடியாது. அது தாழ்ந்த குரலில் பேசுவது. தனியாக உட்கார்ந்து படித்தால்தான் கேட்கும். விளக்கு மண்ணெண்ணெய், வீடு லயத்தில் ஓர் அறை, மறுநாள் விடியுமுன் பெரட்டு. தனியாக உட்கார இடமில்லாதவர்கள் கூட்டமாகப் பேசக்கூடிய எழுத்தாளரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

1970களின் நடுவில் நாவலாசிரியர் அகிலன் மலேசியா வந்தார். சென்னையில் அவருடைய ‘வேங்கையின் மைந்தன்’ சிவாஜி நாடக மன்றத்தின் மேடை ஏறியிருந்தது; 1975-க்கான ஞானபீடமும் அவருக்குக் கிடைத்தது. அப்படிப்பட்டவர் இங்கே மேடையில் பேசியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தோட்டங்களைப் பார்த்தார், ஆட்களைப் பேசவிட்டுக் கேட்டார். திரும்பிப் போய் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலை எழுதினார். அந்த நாவலில் எங்களுக்குக் குறைகள் தெரியும். வெளியிலிருந்து வந்தவரின் கண் அது. ஆனாலும் எழுத்தாளர் கேட்கிறவராகவும் ஊர் சொல்கிறதாகவும் இடம் மாறி உட்கார்ந்த அந்தக் காரியம் எனக்குப் பிடிக்கும். வரும் விருந்தாளிகள் பலருக்கு அது தோன்றுவதில்லை.

உள்ளிருந்து எழுதிய ஒருவரும் இருந்தார். கெடாவில் பீடோங்கில் 1942-இல் பிறந்த கே.எஸ். மணியம், தோட்டத்து வாழ்க்கையை ‘தி கார்ட்’ என்ற நாடகமாக எழுதினார். 1980களின் முற்பாதியில். முனியாண்டி என்ற தகப்பன், ரத்தினம் என்ற மகன். எங்கள் லயத்தில் கேட்கிற சண்டைதான். ஆனால் நாடகம் ஆங்கிலத்தில். பார்த்தவர்கள் நகரத்து அரங்கக்காரர்கள். எங்கள் கதை எங்களுக்குப் புரியாத மொழியில் மேடை ஏறியது என்று அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கிடைத்த படிப்பு அந்த மொழியில்தான் இருந்தது. நல்ல நாடகம். அதைத் தமிழாக்கித் தோட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். அதற்குள் கொண்டுவரத் தோட்டம் இல்லாமல் போனது.

தோட்டம் போன கதையை இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். 1950களிலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டு போடப்படத் தொடங்கின. அதைத் தடுக்கத்தான் 1960-இல் சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளே காசு போட்டுத் தோட்டங்களை வாங்கினார்கள். ஆனாலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பிள்ளைகள் ஈப்போ, கிள்ளான், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று கிளம்பினார்கள். எஞ்சியவர்கள் தாமான் எனும் குடியிருப்புப் பேட்டை வீடுகளுக்கு மாறினார்கள். ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செம்பனைக் குலை ஏற்றுகிற லாரிகள் திரும்புகின்றன.

அந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையகம் கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன். அதற்குள் சோமா அரங்கம். தமிழ்நாட்டிலிருந்து வருகிற எழுத்தாளர்கள் பேசுகிற இடங்களில் அது ஒன்று. நூல் வெளியீடுகளும் நாடகங்களும் நடக்கும். அங்கே உட்காரும்போதெல்லாம் எனக்கு ஒரு கணக்கு ஓடும். இந்த நாற்காலியின் மூலதனம் மரம் வெட்டிய கைகளின் பங்குப் பணம். ஆயாக்கொட்டகையில் பாயில் உட்கார்ந்தவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் குளிர்சாதன அரங்கத்தைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டடத்தில் குறை ஒன்றுமில்லை.

அங்கே நடக்கும் கூட்டங்களுக்குச் சுங்காயிலிருந்து ஒரு வேன் பேசிக்கொண்டு போவோம். வழியில் தஞ்சோங் மாலிமில் பசியாறுவோம். மண்டபத்தில் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரைக்கு முன்னுரை. ஒவ்வொரு பிரமுகருக்கும் பொன்னாடை. மூன்று மணிக்கு என்று அச்சிட்ட கூட்டத்தில் எழுத்தாளர் ஒலிவாங்கியைத் தொடும்போது நாலரை. அவர் பேசி முடித்ததும் கேள்வி நேரம். எழுந்து நிற்பவர்களில் பாதிப்பேர் கேள்வி கேட்பதில்லை. தாங்கள் எழுதிய கவிதை நூலைப் பற்றிச் சொல்வார்கள். பிறகு புத்தகத்தில் கையெழுத்து, கைப்பேசியில் படம். வரிசையில் நிற்கும்போது எல்லோரும் மனசுக்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள்: “ஐயா, உங்க அந்தக் கதைய படிச்சிட்டு…” என்று ஆரம்பிக்கும். முறை வந்ததும் வாக்கியம் மறந்துபோகும். பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்வார்கள்.

எழுத்தாளரை நேரில் பார்க்கும் இந்த ஆசை நம் ஊர் வியாதி என்று நினைக்க வேண்டாம். சார்லஸ் டிக்கன்ஸ் 1867 டிசம்பரிலிருந்து அடுத்த ஏப்ரல் வரை அமெரிக்காவில் தன் கதைகளைத் தானே நடித்துப் படித்தபோது, சீட்டு வாங்க மக்கள் குளிரில் வரிசை நின்றார்கள். ஊர் திரும்பி, ‘ஆலிவர் டுவிஸ்ட்’ நாவலில் நான்சி கொலையாகும் இடத்தை மேடையில் நடித்துக் காட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நாடித் துடிப்பு எகிறியது, மருத்துவர்கள் தடுத்தார்கள். 1870 மார்ச் 15-இல் கடைசியாகப் படித்தார். ஜூன் 9-இல் இறந்தார். அந்தக் கூட்டத்துக்குக் கதை முன்பே தெரியும். நான்சி சாவாள் என்று தெரியும். தெரிந்த கதையைத் தெரிந்த ஆளிடமிருந்து கேட்க ஏன் அத்தனை தவிப்பு?

ஆசிரியரே இல்லாத இன்னோர் உதாரணம். ‘பொன்னியின் செல்வன்’ முடிந்த 1954-லேயே கல்கி காலமானார். 1999-இல் மேஜிக் லேண்டர்ன் குழு அதைச் சென்னையில் நாடகமாக்கியபோதும் 2014-இல் மறுபடி போட்டபோதும் கூட்டம் வழிந்தது. கையெழுத்துப் போட எழுத்தாளர் இல்லை; கேள்வி நேரம் இல்லை. வந்தவர் ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு வந்தியத்தேவனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மேடையில் இருந்தவன் எவருடைய வந்தியத்தேவனும் இல்லை. அப்படியும் யாரும் ஏமாந்துபோனதாகத் தெரியவில்லை. ஏனென்றால் அவர்கள் பார்க்க வந்ததில் பாதி மேடையில் இல்லை, பக்கத்து நாற்காலியில் இருந்தது. ஆழ்வார்க்கடியான் வந்ததும் தான் சிரிப்பதற்கு முன்பே சிரிக்கிற இன்னொருவர்.

வாசிப்பு தனிமையான காரியம். ஒரு நாவலோடு மூன்று வாரம் வாழ்ந்தவனுக்கு, அதே நாவலோடு வாழ்ந்த இன்னோர் உயிர் எங்காவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எழுத்தாளரின் கூட்டம் அதற்கு ஒரு சாக்கு. ரசிகர்கள் எழுத்தாளரைத் தேடிப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவரையொருவர் தேடிப் போகிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். சோமா அரங்கத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பேச்சுகள் மேடையிலிருந்து வந்தவை அல்ல. இடைவேளையில், வடையும் தேநீரும் வைத்த மேசைக்குப் பக்கத்தில், தாப்பாவிலிருந்து வந்த ஓர் ஆசிரியை தி. ஜானகிராமனைப் பற்றிப் பேசினார். சுங்காயிலிருந்து தாப்பா அரை மணி நேரம். இரண்டு பேரும் ஒரே புத்தகங்களைப் பல வருடமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறோம். தெரிந்துகொள்ளக் கோலாலம்பூர் போக வேண்டியிருந்தது.

பெரியப்பா காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள மாற்றத்தை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். அன்றைக்கு எழுத்தாளர் எட்டாத தூரத்தில் இருந்தார். சக வாசகர் அடுத்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். இன்றைக்கு எழுத்தாளர் சென்னையிலிருந்து நாலு மணி நேர விமானத்தில் வந்துவிடுகிறார். ‘வல்லினம்’ போன்ற குழுக்கள் அழைத்து வந்து தரமான உரையாடல்களும் நடத்துகின்றன. சக வாசகர்தான் தொலைந்துவிட்டார். அவர் எந்தத் தாமானில், எந்தச் சந்தில், எந்த அடுக்குமாடியில் இருக்கிறார் என்று தெரியாது. ஆகவே எழுத்தாளரைக் கொண்டுவருவதற்கு நாம் எடுக்கிற பிரயாசையில் கொஞ்சத்தை வாசகரைக் கண்டுபிடிப்பதற்கு எடுத்தாக வேண்டும். அதற்குப் பேச்சைவிட நாடகம் தோதான வழி. பேச்சுக்கு ஒருவர் போதும். நாடகத்துக்கு எட்டுப் பேராவது வேண்டும். எட்டுப் பேரும் வாரக் கணக்கில் கூட வேண்டும். கதையைப் பற்றிச் சண்டை போட வேண்டும். இந்தப் பாத்திரம் ஏன் இந்த இடத்தில் பேசாமல் இருக்கிறது என்பதை நடிக்கிறவர் பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. கேள்வி நேரத்தில் எழுத்தாளரிடம் நாம் கேட்கிற கேள்விகளில் உருப்படியானவை எல்லாம் ஒத்திகையில் எழக்கூடியவை.

அழகிரிசாமியின் கதையையும் இன்று நடிக்கலாம். முழங்கத் தேவையில்லாத நடிப்பு இப்போது நமக்குத் தெரியும். சின்ன அறையில் நாற்பது பேருக்குமுன் தாழ்ந்த குரலில் பேசலாம். அமிர்தமாக நடிக்கப் பெண்கள் இருக்கிறார்கள். கூட்டங்களில் முதலில் கைதூக்கிக் கூர்மையாகக் கேட்கிறவர்கள் இப்போதெல்லாம் அவர்கள்தான். பெரியம்மாவைப் போல வெளியே திண்ணையில் உட்கார்ந்து கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை.

என் யோசனை இதுதான். அடுத்த முறை ஓர் எழுத்தாளரை மலேசியாவுக்கு அழைக்கிறவர்கள், பட்டியலில் ஒரு மாலையை எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மண்டபத்துக்கு ஒதுக்கட்டும். அவர் முதலில் பேச வேண்டாம். முன்வரிசையில் உட்கார்ந்து, தன் கதையைப் பேராக் தமிழில், அங்கங்கே ‘லா’ போட்டு, நாங்கள் நடிப்பதைப் பார்க்கட்டும். தான் எழுதிய இடத்தில் சபை சிரிக்காமல், எழுதாத இடத்தில் சிரிப்பதைக் கேட்கட்டும். அதற்குப் பிறகு மேடை ஏறிப் பேசினால், அந்தப் பேச்சு வேறு விதமாக இருக்கும். கேள்விகளும் வேறு விதமாக இருக்கும். எங்களுக்குப் பொன்னாடைச் செலவு கிடையாது. அந்தக் காசுக்கு எட்டு நோட்டும் நீலம், சிவப்பு என்று இரண்டு பேனாவும் வாங்கிவிடலாம், மிச்சமும் இருக்கும். பாடம் எழுதிக் கொடுக்கத் தாப்பாவில் ஓர் ஆசிரியை தயாராக இருக்கிறார்.